குடிபோகுமுன் ஓர் ஒத்திகை

மலேசியாவின் கிள்ளான் ஊரில் நான் காலையில் பசியாறும் கடையில் வேலு தோசைக்கல்லில் நிற்பவர். கடலூர் மாவட்டத்துக்காரர். நான் சிதம்பரம் போகிறேன் என்று காதில் விழுந்ததும் மறுநாளே ஒரு அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி எடுத்து வந்துவிட்டார். உள்ளே சாக்லேட் மாவு, சோப்பு, மகளுக்கு வண்ணப் பென்சில், மனைவிக்குப் பூப்போட்ட பாத்தேக் துணி.

"எங்க வூட்ல குடுத்துட்டு ரெண்டு நாள் இருந்துட்டு வாங்கக்கா. இப்ப போனாத்தான் உண்டு. அப்பறம் அந்தத் தெருவே இருக்காது," என்றார்.

அவருடைய தெரு பிச்சாவரம் காட்டை ஒட்டி இருக்கிறது. மழைக்காலம் வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறதாம். அதனால் உள்ளே தள்ளி, தார் ரோட்டோரமாகப் புது வீடுகள் கட்டியிருக்கிறார்கள். தெருவே அங்கே குடிபோக வேண்டும்.

"நல்லதுதானே," என்றேன்.

"நல்லதுதான்." தோசையைத் திருப்பிப் போட்டார். "ஆனா அஞ்சல பொழைக்கிறது அந்தக் காட்டுலதானே."

அஞ்சலை அவர் மனைவி. நான் அவளைப் பார்த்துவர வேண்டும் என்றுதான் அந்தப் பெட்டி.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிதம்பரத்தில் நடராசரைக் கும்பிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. போன அன்றைக்கே கும்பிட்டாயிற்று. அதைவிட நன்றாக நினைவிருப்பது மறுநாள் காலை கீழவீதிப் பக்கம் சாப்பிட்ட இட்லியும் கொத்சும்தான். சுட்ட கத்திரிக்காயைப் புளியில் மசித்தது. சாம்பார் என்று நினைத்துக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, பிறகு வெட்கப்படாமல் மூன்று தடவை கேட்டு வாங்கினேன். எங்கள் ஊரில் இட்லிக்குப் பருப்புக் குழம்பு என்றால் பருப்புக் குழம்புதான். இப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாமல் போனதே என்று இருந்தது.

பஸ்ஸில்தான் குழப்பம். இறங்குகிற இடம் நெருங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மணியை அழுத்தலாம் என்று கம்பியெல்லாம் தடவினேன். எங்கள் ஊர் பஸ்ஸில் கம்பிக்குக் கம்பி சிவப்புப் பொத்தான் இருக்கும். நான் தேடி முடிப்பதற்குள் நிறுத்தம் போய்விட்டது. "எறங்கணும்னா வாயத் தொறந்து சொல்லணும்மா," என்றார் கண்டக்டர். கடைசியாகப் படகுச் சவாரி நடக்கிற இடத்தில் கொண்டுபோய் இறக்கினார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்ட கூட்டத்துக்கு நடுவில் அட்டைப்பெட்டியோடு நின்றேன். போன் செய்ததும் அஞ்சலை வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது, ஒல்லி, உப்புத் தண்ணீரில் வெளுத்த விரல்கள். பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"அவரு எப்பிடிக்கா இருக்காரு? எளச்சிட்டாரா?"

"தொந்தி போட்டிருக்கிறார்."

"அப்ப சரி," என்றாள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் உமரிக்கீரை இருந்தது. காட்டோர உப்புத் தரையில் தானாக முளைக்கிற கீரை. இலை இலையாக இராது, குட்டிக் குட்டி விரல் போல உருண்டிருக்கும். வேகவைத்துப் பிழிந்து உப்பை இறக்கிவிட்டு இறாலோடு சேர்த்து வதக்குகிறார்கள். அதற்குப் பிறகும் உப்புப் போட வேண்டியதில்லை. அடுப்புக்கு வாய்க்காலில் அடித்து வந்த காய்ந்த கம்பு. பச்சை மரத்தைத் தொடமாட்டோம் என்றாள் அஞ்சலை. கோடையில் எடுத்த தேனும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இருந்தது. அது பக்கத்து வீட்டு மேரி கொண்டுவந்தது. தேனில் லேசாக உப்புச் சாயல் இருப்பதாக எனக்குப் பட்டது. சொன்னேன்.

"அது ஒங்க நாக்குல இருக்குது," என்றாள் மேரி.

மேரி அஞ்சலையைவிடப் பத்து வயது மூத்தவள். கணவர் புதுச்சேரியில் கொத்து வேலை செய்கிறார். மேரியும் அஞ்சலையும் ஒரே தோணியில் தொழிலுக்குப் போகிறவர்கள். தோணி இருவருக்கும் பொது. ஒருத்தி கோல் ஊன்றித் தோணியைப் பிடித்துக்கொள்ள, மற்றவள் தண்ணீரில் இறங்கி இறாலும் நண்டும் பிடிப்பாள். களைத்தால் மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்திக்கும் அன்று வேலை கிடையாது.

அவர்களுக்குள்தான் இப்போது பேச்சு முறுகிக் கிடந்தது. அஞ்சலைக்குப் புது வீடு வேண்டும். போன மழைக்குத் தண்ணீர் ஏறியபோது, மகளைக் கட்டில் மேல் உட்காரவைத்து, கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து, அதற்கு மேலும் தண்ணீர் ஏறியதும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறாள். மேரிக்கு வேண்டாம்.

"அங்க போய் இன்னா பண்றது? சொவத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கறதா? இங்க எறங்கினா வாய்க்கா. கீர வேணுமா, நாலு எட்டுல இருக்குது. முட்டி வலிச்சா கழுதமுள்ளி எலையப் பறிச்சி வேவவெச்சி ஊத்திக்கறேன். அங்க எல்லாத்துக்கும் கடைக்குப் போவணும்."

"தண்ணி வந்தா?"

"வந்தா வடியும்."

மேரி தேன் பாட்டிலை எடுக்காமலே எழுந்து போனாள்.

எனக்கு என் அம்மா நினைவு வந்தது. நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது எனக்குப் பதினைந்து வயது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டிலிருந்து சாமான்களை லாரியில் ஏற்றி, மூன்றாவது மாடி வீடொன்றில் இறக்கிவிட்டார்கள். அம்மா ஓடையோரம் கறிக்குப் பெரணித் தளிர் பறித்தவள். அங்கே ஒரு வாரம் சன்னல் ஓரமாகவே நின்றாள். பிறகு பழகிவிட்டாள். மாடி வீடு நல்ல வீடுதான், குழாயைத் திறந்தால் தண்ணீர். ஆனால் அங்கிருந்து பிழைக்க முடியுமா என்று முன்கூட்டிப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அஞ்சலைக்குத் தோன்றியது. மாலையில் மேரி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பேசிக்கினே இருந்தா முடியாதுக்கா. வெள்ளிக்கெழம சாவி குடுக்க வராங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் அங்க போய்த் தங்கி, அங்கேர்ந்து தொழிலுக்குப் போய்ட்டு வந்து பாப்போம். முடிஞ்சா போவோம். முடியலன்னா நானும் வரல, நீயும் வராத."

மேரி வாசலுக்கு வந்தாள். "நீயும் போவமாட்டியா?"

"போவமாட்டேன்."

"சரி. இந்த மலேசியா அக்காவையும் இட்டுக்கினு போவோம். ஒரு சாட்சி வேணும்," என்றாள் மேரி.

புது வீடுகள் வெள்ளையும் மஞ்சளுமாக வரிசையாக நின்றன. காவல்காரர் ஒரு வீட்டைத் திறந்துவிட்டார். சிமெண்டு வாசம். இரண்டு அறை, ஒரு சின்ன அடுப்படி, பின்னால் கழிப்பறை. மேரி ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினாள். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். குறை சொல்ல ஏதாவது அகப்படும் என்று தேடுகிறாள் என நினைத்தேன். அடுப்படியில் நின்று, "வெறகடுப்பு வெக்க எடமில்ல," என்றாள். அது உண்மைதான்.

அஞ்சலையின் மகளைப் பழைய தெருவில் ஒரு பாட்டியிடம் விட்டிருந்ததால், மூவரும் அன்றிரவு அங்கேயே படுத்தோம். விடியற்காலை முதல் பஸ்ஸில் காட்டுக்குப் போவது எளிதாக இருந்தது. கூடைகள் காலி, பஸ்ஸும் காலி. தண்ணீர் வற்றும் நேரத்துக்கு முன்பே துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அஞ்சலை என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேரி சிரிக்கவில்லை.

காட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் பக்கம் போதாது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் வளைந்த வேர்களைத் தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. நடுவில் தோணி நுழைகிற அகலத்துக்கு வாய்க்கால். மார்பளவு தண்ணீரில் அஞ்சலை இறங்கினாள். ஓலையில் பின்னிய சின்னக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அந்தக் கூடைக்குப் பறி என்று பெயர். இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் போவாள். கை வெளியே வரும்போது இறால் இருக்கும். நண்டு அகப்பட்டால் தோணியில் போடுவாள், மேரி அதன் காலை மடக்கி நாரால் கட்டிவிடுவாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் அஞ்சலை எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்று மேரியின் கோலுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மரத்தின் பளபளப்பான இலையைத் தொடப் போனேன். மேரி கோலால் என் கையைத் தட்டினாள்.

"தொடாதீங்க. பால் கண்ணுல பட்டா அவ்ளோதான். அது தில்ல."

தில்லை என்று சொல்லிச் சொல்லிக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். அந்த மரத்தை அன்றுதான் பார்த்தேன், அதுவும் கையில் அடி வாங்கிக்கொண்டு.

கீரை பறிக்க இறங்கிய இடத்தில் என் ஒரு செருப்பைச் சேறு இழுத்துக்கொண்டது. தோண்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். எதிரே சவாரிப் படகில் வந்த ஒரு குடும்பம் எங்களை நிற்கச் சொல்லிப் படம் எடுத்தது. நான் செருப்போடு அந்தப் படத்தில் இருப்பேன்.

திரும்புகிற பஸ்ஸில்தான் மாட்டிக்கொண்டோம். கூடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் படியிலேயே மறித்துவிட்டார்.

"ஏத்த முடியாதும்மா. எறங்கு."

"டிக்கெட் எடுக்கறோம் சார். கூடைக்கும் சேத்து எடுக்கறோம்," என்றாள் அஞ்சலை.

"டிக்கெட்டுக்குச் சொல்லல. எறங்கு, டைம் ஆவுது."

பஸ் போய்விட்டது. அஞ்சலை அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாத்தியா?" என்று கேட்க மேரிக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவள் கேட்கவில்லை. ஒரு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அடுத்த பஸ்ஸும் ஏற்றவில்லை. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. வெறுங்காலில் தார் ரோடு எனக்குச் சுட்டது. இறாலை ஈரத் துணி போட்டு மூடினார்கள்.

கடைசியில் ஒரு வேன் நின்றது. கல்யாணத்துக்கு வாசித்துவிட்டுத் திரும்புகிற பேண்டு வாத்தியக்காரர்கள். சிவப்புச் சட்டை, தோளில் பொன்னிறக் குஞ்சம், எல்லாருக்கும் தூக்கக் கலக்கம். "ஏறுங்கக்கா, நாத்தத்துக்கெல்லாம் பயப்பட மாட்டோம்," என்றார் டிரம் வாசிப்பவர். பாதி வழியில் ஒரு நண்டு கட்டை அவிழ்த்துக்கொண்டு டிரம்முக்கு அடியில் போய்விட்டது. சிவப்புச் சட்டைகள் எல்லாம் சீட்டின் மேல் ஏறி நின்றன. அஞ்சலை குனிந்து அதை எடுத்தபோது மேரி சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அந்த நண்டை டிரம்காரருக்கே கொடுத்துவிட்டார்கள்.

புது வீட்டு வாசலில் இறங்கியபோது இறால் கொஞ்சம் தளர்ந்துவிட்டிருந்தது. சந்தைக்குக் கொண்டுபோகும் நேரமும் கடந்துவிட்டது. முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். அப்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கத் தெருவிலிருந்து ஒரு பெண் பாத்திரத்தோடு வந்தாள். "காட்டு நண்டா? இங்க யாரும் எடுத்தாறதில்ல," என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி கீரையைக் கையில் எடுத்து, "இது இன்னாது?" என்று கேட்டாள். மேரி உமரியை எப்படிப் பிழிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கூடைகள் காலி. எங்களுக்குக் குழம்பு வைக்கக்கூட நண்டு மிச்சமில்லை. மூன்று பேரும் டீக்கடையில் பரோட்டா சாப்பிட்டோம்.

"வித்துடுச்சி," என்றாள் அஞ்சலை.

"வித்துடுச்சி. பேண்டு செட்டுக்காரன் தெனம் வருவானா?" என்றாள் மேரி.

வெள்ளிக்கிழமை அதிகாரி பழைய தெருவுக்கே வந்தார். சின்ன வயதுப் பெண். சாவிகளை மேசையில் வைத்துவிட்டு, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்றார். ஆண்கள் மின்சார மீட்டரைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு மேரி எழுந்தாள். போய்வந்த கதையை முழுதாகச் சொன்னாள். பேண்டு வேன் வந்த கட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் முடிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை.

"வூடு வேணாம்னு சொல்லல மேடம். நல்ல வூடு. அங்கேர்ந்து காட்டுக்குப் போவ முடியுது. திரும்பி வர முடியல."

"பஸ் என் கையில இல்லையேம்மா," என்றார் அதிகாரி.

"கையில இல்லாட்டி பரவால்ல. நாளைக்கு ஒரு நாள் எங்களோட பஸ்ல ஏறி வாங்க. வந்து பாத்துட்டு அப்பறம் சாவி குடுங்க."

கூட்டத்தில் யாரோ மேரியை உட்காரச் சொன்னார்கள். அதிகாரி தன் குறிப்பேட்டைத் திறந்தார். "எத்தனை மணிக்கு?" என்றார்.

வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள் நாங்கள் கூடைகளோடு துறையிலிருந்து ஏறி வந்தபோது அவர் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். ஜீப்பை முன்னால் அனுப்பிவிட்டாராம். அதே பஸ், அதே கண்டக்டர். எங்களைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டினார். அதிகாரி படியில் ஏறி நின்று, தான் யார் என்று சொல்லாமல், "ஏன் ஏத்தமாட்டேங்கறீங்க? காரணத்தச் சொல்லுங்க," என்று கேட்டார்.

கண்டக்டர் சலிப்போடு சொன்னார். ஒரு தடவை மீன் கூடைத் தண்ணீரில் வழுக்கி ஒரு வயதான அம்மா பஸ்ஸுக்குள்ளேயே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. "அந்தம்மா கத்துனது இன்னும் காதுலயே இருக்குது. நாத்தம்னு நான் சொல்லல மேடம். எங்க வூட்லயும் மீன் திங்கறோம். தரையில தண்ணி ஊத்துது, அதான்."

அஞ்சலைக்கு முகம் மாறிவிட்டது. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். மூடி போட்ட பெயிண்டு வாளியில கொண்ணாந்தா?"

"சொட்டாதுன்னா எனக்கென்னா? கடைசி சீட்டுக்கிட்ட வெச்சிக்க."

"இன்னிக்கு?" என்றாள் மேரி.

பிறகு நடு சீட்டில் இருந்த ஒரு விவசாயி, காலடியில் மடித்து வைத்திருந்த இரண்டு உரச்சாக்குகளை எடுத்து நீட்டினார். "சுத்தி எடுத்தாங்கம்மா. நாளைக்கு இதே பஸ்ல குடுத்துடுங்க." கூடைகளைச் சாக்குக்குள் இறக்கி வாயைக் கட்டினோம். பஸ் கிளம்பியது. எனக்கு ஜன்னலோர சீட்கூடக் கிடைத்தது.

அதிகாரி மேரி பக்கத்தில் உட்கார்ந்தார். தோணியும் கோலும் வைக்கத் துறையில் பூட்டுப் போட்ட கொட்டகை வேண்டும் என்று மேரி கேட்டாள். "அது என் கையில இருக்கு. செஞ்சு தரேன்," என்றார் அவர். மேரி தலையாட்டினாள். அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டாள். அஞ்சலை வீட்டுக்குப் பக்கத்து வீடு.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். விறகடுப்பு போயிற்று. முன்பெல்லாம் தண்ணீர் வற்றுகிற இரண்டு வேளையும் இறங்குவார்கள், இனி பஸ்ஸை நம்பிக் காலை ஒரு வேளைதான். கழுதைமுள்ளியை வேரோடு பிடுங்கி வந்து புது வீட்டுப் பின்புறத்தில் நட்டுப் பார்த்தாள் மேரி. நல்ல தண்ணீரில் அது வருமா என்று அவளுக்கே சந்தேகம். ஆனாலும் நான் கிளம்பிய அன்று இருவரும் மூடியுள்ள வாளி தேடிச் சிதம்பரம் கடைவீதி முழுக்க என்னோடு அலைந்தார்கள். கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். "இதுல இறா போட்டா நல்லாயிருக்கும்," என்றாள் அஞ்சலை.

கார்த்திகையில் ஒரு நாள் மாலை வேலுவின் கடைக்குப் போயிருந்தேன். கடலூர்ப் பக்கம் புயல் மழை என்று செய்தியில் சொன்னார்கள். வேலுவுக்குக் கை ஓடவில்லை. மூன்று தடவை போன் போட்ட பிறகுதான் புது வீட்டிலிருந்து அஞ்சலை எடுத்தாள். அவர் எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். தகரத்தில் கல் கொட்டுவது மாதிரி மழை.

"சாமானெல்லாம் மேல ஏத்திட்டியா? பாப்பா எங்க?"

"தூங்கறா. நானும் தூங்கிக்கினு இருந்தேன், எழுப்பிட்டீங்க."

"மழ பெய்யுதேடி."

"பெய்யட்டும். காலையில தொழிலுக்குப் போவ முடியல, படுத்துட்டேன். மேரியக்காவும் படுத்துட்டாங்க. வைங்க."

ஆனால் அவள் போனை வைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. வேலுவும் வைக்கவில்லை. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த மழை பெய்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.